நாற்பத்திரண்டாவது குட்டை

ஒரு காட்டில் மழை, தூரத்து உறவுக்காரரைப் போலத்தான் வரும், குழந்தைகளே. வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லாது. வந்தாலும் எல்லார் வீட்டுக்கும் போகாது. கிழக்கே ஒரு மேகம் நின்று கொட்டும்போது மேற்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே உடைமரத்தின் ஒரு கிளை நனைந்திருக்கும். மறு கிளையில் தூசி அப்படியே இருக்கும்.

செம்மண் காடு அது. உடையும் வெள்வேலும் இலந்தையும், நடுநடுவே பனையும் நின்றன. ஆறு கிடையாது. அருவி கிடையாது. ஆனாலும் அங்கே நாற்பத்தொரு குட்டைகள் இருந்தன.

யாரோ ஒருவர் உறக்கத்தில் நடந்துபோனபோது இடுப்பிலிருந்த குடம் தளும்பித் தளும்பிச் சிந்தியதுபோல அவை காடு முழுவதும் சிதறிக் கிடந்தன. சிலவற்றில் எருமைக் கூட்டமே இறங்கிக் குளிக்கலாம். சிலவற்றில் ஒரு கொக்கு நின்றால் அதன் நிழலே பாதித் தண்ணீரை மூடிவிடும். ஒற்றைப்பனைக் குட்டை, கோரைத்தாங்கல், அல்லிப்பள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எல்லாவற்றிலும் சிறியதற்கு நகக்குழி என்று பெயர். வானம் விரல்நகத்தால் மண்ணை மெல்லக் கிள்ளிப் பார்த்ததுபோல் இருக்கும் அது.

பௌர்ணமியன்று அந்தக் காட்டுக்கு நாற்பத்தொரு நிலா.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடித்தவர் வெறுமனே திரும்பக் கூடாது. கொஞ்சம் சேற்றைச் சுமந்துகொண்டுதான் கரையேற வேண்டும். எருமை புரண்டு எழுந்து முதுகு நிறையச் சுமந்து போகும். பன்றி மூக்கில் அப்பிக்கொண்டு போகும். கொக்கு கால்விரல் இடுக்கில் கொஞ்சம் கொண்டுபோகும். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதனால்தான் குட்டைகள் மேடாகாமல் இருந்தன.

நகக்குழியில் ஓர் ஆமை இருந்தது. அதற்கு ஓடத் தெரியாது, சண்டை போடத் தெரியாது. பிடித்த இடத்தை விடாமல் இருக்க மட்டும் தெரியும்.

மார்கழிக் கடைசியில் அந்த ஆமை கரைமேல் ஏறி, ஓர் ஆவாரஞ்செடியின் அடியில் பள்ளம் தோண்டி ஒன்பது முட்டைகள் இட்டது. மண்ணை மூடியது. பிறகு அங்கிருந்து தண்ணீர்வரை ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டே நடந்தது.

"நாற்பது," என்றது ஆமை.

"என்ன அக்கா எண்ணுகிறாய்?" என்று கேட்டது ஆட்காட்டிக் குருவி. கண்டதையெல்லாம் கத்திச் சொல்வதே அதன் வேலை. தினமும் காட்டைச் சுற்றி வந்து எந்தக் குட்டையில் எவ்வளவு தண்ணீர் என்று ஊருக்கெல்லாம் சொல்லும்.

"என் குஞ்சுகளுக்கு வழி எண்ணுகிறேன். முட்டையை விட்டு வந்ததும் நாற்பது அடி நடப்பார்கள். அதற்குள் தண்ணீர் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வெயில் அவர்களைத் தின்றுவிடும்."

"எப்போது வருவார்கள்?"

"சித்திரையில்."

"அவ்வளவு நாளா? என்னை இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னால் செத்துப்போவேன்," என்று சொல்லிவிட்டு ஆட்காட்டி பறந்தது.

தை பிறந்தது. எங்கிருந்தோ ஒரு கூழைக்கடா அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளை வெளேரென்ற பெரிய உடல். அலகின் கீழே தொங்கும் பெரிய பை. எத்தனை மீன் போட்டாலும் அந்தப் பையில் இன்னும் இடம் இருக்கும்.

ஆனால் அதற்கு அந்தக் காட்டில் ஒரு தொல்லை. கூழைக்கடா மேலே எழும்ப வேண்டுமானால் தண்ணீர்மேல் வெகுதூரம் ஓட வேண்டும். கோரைத்தாங்கலில் அது ஓட ஆரம்பித்தது. எழும்புவதற்குள் குட்டை முடிந்து கரை வந்துவிட்டது. அல்லிப்பள்ளத்தில் ஓடியது, உடைமுள்ளுக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தது. ஒவ்வொரு குட்டையிலும் நாலு மீன்தான் இருந்தது. அந்த நாலு நாலு மீனுக்காக நாற்பத்தொரு தடவை முள்ளில் விழ வேண்டியிருந்தது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அது யோசித்தது. மறுநாள் காலையில் ஒற்றைப்பனைக் குட்டைக்கு வரும்படி எல்லாருக்கும் அன்றே சொல்லி அனுப்பியது. எல்லாரும் வந்து கூடினார்கள்.

"உங்கள் காட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டது.

"நாற்பத்தொன்று," என்றது ஆட்காட்டி.

"எண்ணிக்கையைக் கேட்கவில்லையம்மா. சித்திரையில் எத்தனை மிஞ்சும்?"

"ஒரு வருடம் ஐந்து. ஒரு வருடம் ஒன்பது."

"எந்த ஐந்து, எந்த ஒன்பது?"

"அதை எப்படிச் சொல்ல முடியும்? கோடைமேகம் எங்கே நிற்கிறதோ அங்கே இருக்கும்."

கூழைக்கடா தலையை மெதுவாக ஆட்டியது. அதன் பை இப்படியும் அப்படியும் அசைந்தது.

"கேட்டீர்களா? வருடா வருடம் ஒரு மேகத்தின் பின்னால் தாகத்தோடு அலைகிறீர்கள். தண்ணீர் இல்லாததாலா? இல்லை. இருக்கிற தண்ணீர் சிதறிக் கிடப்பதால். காட்டின் நடுவே பெரும்பள்ளம் சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு குட்டையிலிருந்தும் அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். எல்லாத் தண்ணீரும் ஓரிடத்தில் சேரட்டும். அது ஏரி. எந்தச் சித்திரையிலும் வற்றாத ஏரி."

ஒவ்வொருவரும் கண்ணை மூடி அந்த ஏரியைப் பார்த்தார்கள். அதன்மேல் காற்று நடந்துபோவதைப் பார்த்தார்கள். அலை என்ற ஒன்றை அவர்கள் அதுவரை கண்டதில்லை; மூடிய கண்ணுக்குள் அது வந்து வந்து கரையைத் தொட்டது.

"அக்கரை தெரியாதா?" என்று கேட்டது எருமை.

எருமைதான் அந்தக் காட்டில் எல்லாரையும்விடப் பலசாலி. நல்ல மனசு. ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர் சொன்னதே சரி என்று அதற்குத் தோன்றிவிடும்.

"தெரியாது," என்றது கூழைக்கடா.

"அப்படியானால் வெட்டிவிடலாம்."

"பெரிய ஏரியில் பாடினால் குரல் எப்படிக் கேட்கும்?" என்று கேட்டது தவளை. தன் குரல்மேல் அதற்கு அவ்வளவு ஆசை. "இந்தக் குட்டையில் பாடினால் எதிர்க்கரையில் இருக்கிற என் மாமியாருக்கு மட்டும்தான் கேட்கிறது. அவரும் காதைப் பொத்திக்கொள்கிறார்."

"காடு முழுக்கக் கேட்கும்."

"அப்படியானால் சீக்கிரம் வெட்டுங்கள்," என்றது தவளை.

"அந்த ஏரியில் யார் தூர் எடுப்பார்கள்?" என்று பன்றி கேட்டது.

"அவ்வளவு தண்ணீரில் ஒரு பிடி சேறு என்ன செய்துவிடும்? உங்கள் முதுகுக்கெல்லாம் இனி ஓய்வு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. வழக்கம் என்றாலும் சுமை சுமைதானே.

அப்போதுதான் ஆமை வந்து சேர்ந்தது. நகக்குழியிலிருந்து அது முந்தைய நாளே கிளம்பியிருந்தது.

"நகக்குழியை மட்டும் விட்டுவிடுங்கள்," என்றது. "கரையில் என் முட்டைகள் இருக்கின்றன."

"எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் புதைத்துக்கொள்ளேன்," என்றது கூழைக்கடா.

"புதைத்த முட்டையைப் புரட்டினால் உள்ளே இருப்பது செத்துப்போகும்."

"ஒன்பது முட்டைக்காக ஒரு காடே தாகத்தில் கிடக்க வேண்டுமா? இன்று உனக்கு ஒன்று விட்டால் நாளை பன்றிக்கு ஒன்று, நரிக்கு ஒன்று. பிறகு ஏரி எங்கே?"

"ஆமாம், பிறகு ஏரி எங்கே?" என்றது எருமை.

ஆமை வந்த வழியே திரும்பி நடந்தது. எல்லாரும் கலைந்து போன பிறகும் அது வெகுநேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

எருமைகள் கொம்பால் குத்தின, குளம்பால் வாரின. ஒவ்வொரு குட்டையின் கரையும் அடிவரை பிளந்தது. நீர் முதலில் தயங்கி, பிறகு தலையைக் குனிந்துகொண்டு பெரும்பள்ளத்தை நோக்கிப் போனது. அல்லிகள் சேற்றில் சாய்ந்து படுத்தன. ஒவ்வொரு குட்டையிலும் ஒரு நிலா அணைந்தது.

கடைசியாக எருமை நகக்குழிக்கு வந்தது. ஆமை ஆவாரஞ்செடிக்கு நேர் கீழே, நீரோரக் கரையில் காத்திருந்தது.

"கோபமா அக்கா?"

"எனக்கென்ன கோபம், தம்பி. உனக்குத்தான் களைப்பு. நாற்பது கரை உடைத்திருக்கிறாய். கொம்பு நுனி எப்படித் தேய்ந்திருக்கிறது பார்."

எருமைக்குக் கண் கலங்கியது. அதுவரை யாரும் அதன் கொம்பைப் பற்றி விசாரித்ததில்லை.

"நீ வெட்டும் அகலத்தில் என் குட்டையே உள்ளே போய்விடும்," என்றது ஆமை. "சின்னக் குட்டைக்குச் சின்ன வாய்க்கால் போதாதா? நான் இங்கே படுத்துக்கொள்கிறேன். என் அகலம் பார்த்து வெட்டு. உனக்கும் வேலை மிச்சம்."

கூழைக்கடா அங்கே இல்லை. கடைசியாகப் பேசியது ஆமைதான். அதனால் எருமைக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. ஆமையின் ஓட்டைச் சுற்றிக் கொம்பால் ஒரு கோடு கிழித்து, அந்த அகலத்துக்கே வெட்டி முடித்துவிட்டுப் போனது.

எருமையின் முதுகு மறைந்ததும் ஆமை வாய்க்காலுக்குள் இறங்கியது. நடுவில் போய் அமர்ந்து, நான்கு காலாலும் இரண்டு பக்கச் சேற்றையும் இழுத்து அணைத்துக்கொண்டது. பானைக்கு மூடி போட்டதுபோல ஓடு அங்கே பொருந்தியது. ஓடப் புறப்பட்ட நீர் அதன் முதுகில் மோதி நின்றது.

மறுநாள் சுற்றி வந்த ஆட்காட்டி இதைப் பார்த்தது. கத்துவதற்காக வாயைத் திறந்தது.

ஆமை தலையை வெளியே நீட்டி அதைப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான்.

ஆட்காட்டி தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கண்டதைச் சொல்லாமல் பறந்துபோனது.

பெரும்பள்ளத்தில் ஏரி நிறைந்தது. சொன்னபடியே அக்கரை தெரியவில்லை. மாசி மாதம் முழுவதும் காடு ஒரு கனவுக்குள் இருந்தது. விடியலில் ஏரியிலிருந்து பனி எழுந்து மரங்களின் இடுப்புவரை நிற்கும். மான்கள் அதற்குள் இறங்கி, கொம்பு மட்டும் மிதந்து போவதுபோல் போகும். எல்லாருக்கும் நடுவே கூழைக்கடா நீண்ட தூரம் ஓடி, ஒரு முள்ளும் குத்தாமல், வானத்தில் ஏறும். இறங்கும்போது அதன் பை நிறையும். குடித்தவர்கள் சேறு சுமக்காமல் வீடு திரும்பினார்கள். வீடு என்பதும் இப்போது ஏரிக்கரைதான். காட்டின் மற்ற பக்கங்களில் யாரும் இல்லை.

பங்குனி வந்தது. காற்று ஏரியின் மேல் படுத்துப் புரண்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துப் போனது. நாற்பது வாய்க்கால் வழியாக வந்த செம்மண் ஏரியின் அடியில் மெல்ல மெல்ல அமர்ந்தது. அதை எடுப்பார் இல்லை. மேலே நீர் இறங்கியது. கீழே மண் ஏறியது. காடு முழுவதும் மேய்ந்த வாய்கள் ஒரே கரையில் மேய்ந்ததால் அங்கே கோரையின் வேர்கூட மிஞ்சவில்லை. ஒரே தண்ணீரில் எல்லாருடைய காலும் பட்டுத் தண்ணீர் பழுப்பாகி நாற்றம் எடுத்தது.

தவளையும் சந்தோஷமாக இல்லை. நாற்பது குட்டைத் தவளைகளும் ஒரே நேரத்தில் பாடியதால் யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை.

"என் மனைவி என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறாள்," என்றது தவளை பன்றியிடம். "நேற்று வேறு யாருக்கோ பதில் சொல்லிவிட்டாளாம்."

"உன் மாமியாராவது நிம்மதியாகத் தூங்குகிறாரா?"

"அவரும் பாட ஆரம்பித்துவிட்டார்."

அந்த நாட்களில் நகக்குழியிலும் வெயில் அடித்தது. நீர் சுருங்கிச் சுருங்கி வாய்க்காலை விட்டு விலகி, நடுவில் ஓர் இலையளவு ஆனது. பிறகு அந்த இலையும் காய்ந்தது. ஆமை மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதன் ஓட்டின்மேல் மண் படிந்து ஒரு சின்னப் புல்கூட முளைத்திருந்தது. ஆட்காட்டி நாள்தோறும் ஒரு நத்தையைக் கொண்டுவந்து கொடுக்கும்.

"அக்கா, குட்டையில்தான் தண்ணீர் இல்லையே. இனி எதற்காக இந்த வாய்க்காலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?"

"வரப்போகும் தண்ணீருக்காக."

"வராவிட்டால்?"

"வராவிட்டால் நான் உட்கார்ந்திருந்ததில் யாருக்கும் நஷ்டமில்லையே."

சித்திரையின் நடுவில் ஒருநாள் மாலை, மேகம் ஒன்று வந்தது. ஏரிக்கரையில் எல்லாரும் தலையை உயர்த்தினார்கள். அது ஏரிக்கு மேல் வரவில்லை. வெகுதூரத்தில், காட்டின் கிழக்கு மூலையில் நின்று, சாம்பல்நிறச் சேலையை உலரப் போட்டதுபோல மழையைத் தொங்கவிட்டது.

"பெய்யட்டும்," என்றது எருமை. "வாய்க்கால் வழியாக இங்கேதானே வரும்."

எல்லாரும் வாய்க்கால்களின் முனையில் போய் நின்றார்கள். கிழக்கே ஏழு குட்டைகள்மேல் அந்த மழை விழுந்தது. கரை பிளந்த ஆறு குட்டைகளில் அது ஒரு நொடியும் தங்கவில்லை. வாய்க்காலில் இறங்கி ஓடியது. ஓடிய வழியெல்லாம் மாதக்கணக்கில் காய்ந்த செம்மண் வாயைத் திறந்து வைத்திருந்தது. ஏரிக்கு வந்து சேர்ந்தது மண்வாசனை மட்டும்.

அன்று கூழைக்கடா ஏரியை ஒருமுறை அளந்து பார்த்தது. நீர் குடிக்க முடியாத சேற்றுக்குழம்பாகியிருந்தது; ஓடி எழும்ப இன்னும் கொஞ்சம்தான் இடம் இருந்தது. இரண்டு நாள் போனால் அதுவும் இருக்காது.

"நான் போய் மேகத்தை அழைத்து வருகிறேன்," என்றது.

"எப்போது வருவீர்கள்?" என்று கேட்டது எருமை.

கூழைக்கடா அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அலகின் பை நிறைய, கடைசி மீன்களோடு, அது மேற்கே ஒரு வெள்ளைப் புள்ளியாகிப் பிறகு ஒன்றும் இல்லாமல் போனது.

யாரும் அதைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் தொண்டையில் ஈரம் வேண்டும்.

ஆட்காட்டியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஏரிக்கு மேல் பறந்து வந்து, மூன்று மாதம் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் கத்திச் சொன்னது.

"நகக்குழியில் தண்ணீர் இருக்கிறது. கிழக்கு மழை அங்கே மட்டும் நின்றிருக்கிறது. ஆமை அக்கா வாய்க்காலில் உட்கார்ந்திருக்கிறாள்."

எல்லாரும் கிழக்கே நடந்தார்கள். அந்த வழியில் முன்பு பதினொரு குட்டைகள் இருந்தன. ஒன்றில் குடித்து, அடுத்ததில் கால் நனைத்து, அதற்கு அடுத்ததில் தூங்கி என்று குட்டிகளோடு நடந்த வழி. இப்போது பதினொன்றும் வெடித்துக் கிடந்தன. தவளைகள் எருமைகளின் காதுமடலுக்குள் ஒளிந்துகொண்டு வந்தன. நடுவழியில் சில குட்டிகள் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை எழவில்லை. அவற்றின் தாய்மார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மற்றவர்களின் பின்னால் மெல்ல வந்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் நகக்குழி தெரிந்தது. வெயிலில் ஒரு கண் திறந்திருப்பதுபோல அது மின்னியது.

எருமை வாய்க்கால் அருகே வந்து நின்றது. தலையைக் குனிந்து பார்த்தது. தானே கிழித்த கோட்டுக்குள் ஆமை இருந்தது.

"அக்கா," என்றது.

ஆட்காட்டி தாழப் பறந்து வந்து ஆமையின் காதோரம் பேசியது. "குடிக்கவிடாதே, அக்கா. இவ்வளவு பேரும் குடித்தால் தண்ணீர் நடுவுக்குப் போய்விடும். நாற்பது அடி நூறு ஆகிவிடும். உன் குஞ்சுகள் இன்றோ நாளையோ வந்துவிடுவார்கள். இவர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று மறந்துவிட்டாயா?"

ஆமை ஆவாரஞ்செடியின் அடியைப் பார்த்தது. பிறகு எருமையின் பின்னால் நின்ற, நாக்கு வெளியே தொங்கிய கன்றைப் பார்த்தது.

"நான் மறக்கவில்லை," என்றது. "ஆனால் அந்தக் கன்று எந்த வாய்க்காலையும் வெட்டவில்லையே."

பிறகு எருமையிடம் சொன்னது: "குடியுங்கள். ஆளுக்கு ஒரு வாய். போகும்போது சேறு சுமந்து போங்கள். அவரவர் குட்டையை நீங்களே உடைத்தீர்கள். இந்தச் சேற்றைக் கொண்டுபோய் நீங்களே அடையுங்கள். அடுத்த மேகம் யார் தலைமேல் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அது நிற்கும்போது அங்கே ஒரு குட்டை இருக்கட்டும்."

அவர்கள் வரிசையாக வந்து குடித்தார்கள். கன்றுகளும் குட்டிகளும் முதலில் குடித்தன. பெரியவர்கள் நாக்கை நனைத்துக்கொண்டார்கள். பன்றி மூக்கில் சேறு எடுத்தது. தவளைகூட முதுகில் ஒரு கடுகளவு ஏற்றிக்கொண்டது.

"அதை எங்கே கொண்டுபோகிறாய்?" என்று பன்றி கேட்டது.

"எங்கள் குட்டைக்குத்தான். என் மாமியார் உட்காரும் இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது."

எருமை கடைசியாகப் புரண்டு எழுந்தது. அது முதலில் தன் குட்டைக்குப் போகவில்லை. நகக்குழியின் வாய்க்காலுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து, முதுகுச் சேறு முழுவதையும் அங்கே தேய்த்து அப்பியது. குளம்பால் மிதித்து மிதித்து இறுக்கியது.

"அடைத்துவிட்டேன். எழுந்திரு, அக்கா."

ஆமையால் எழ முடியவில்லை. இத்தனை மாதத்தில் மண் அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டிருந்தது. எருமை மூச்சுக்காற்றால் ஓட்டைச் சுற்றி ஈரமாக்கி, கொம்பு நுனியால், முட்டையைத் தொடுவதுபோலத் தொட்டு, மெல்லத் தூக்கிவிட்டது. ஆமை கரைமேல் வந்து நின்றது.

அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ஆமையின் வடிவில், ஓட்டின் கோடுகள் பதிந்து, கிண்ணம்போல இருந்தது அது.

ஆட்காட்டி சொன்னது நடந்தது. குட்டையின் நீர் நடுவுக்குப் போய்விட்டது. ஆமை ஆவாரஞ்செடியிலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டே நடந்தது.

"நூறு," என்றது.

ஆட்காட்டி தலையைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் விடியலில் ஒரு சின்ன மேகம் அந்தப் பக்கம் வந்தது. வழி தவறிய ஆட்டுக்குட்டி போன்ற மேகம். அதனிடம் அதிகம் இல்லை. இருந்த சில துளிகளை உதிர்த்துவிட்டு அது கலைந்துபோனது. குட்டையின் நீர் அதனால் ஒரு விரல்கூட உயரவில்லை.

ஆனால் அந்த ஈரம் பட்டு ஆவாரஞ்செடியின் அடியில் மண் அசைந்தது. ஒரு தலை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எட்டுக் குஞ்சுகள் வரிசையாகக் கரையில் இறங்கின. அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பத்து அடி நடந்தன. இருபது நடந்தன. முப்பதில் அவற்றின் கால்கள் பின்னின. கடைசிக் குஞ்சு நின்றுவிட்டு, கொஞ்சம் யோசித்து, மறுபடி நடந்தது. ஆமை அவற்றின் பக்கத்தில் நடந்தது. தன் நிழலை அவற்றின்மேல் போட்டுக்கொண்டு நடந்தது. அதன் நிழலில் மூன்றுக்குத்தான் இடம் இருந்தது.

நாற்பதாவது அடியில் முதல் குஞ்சு தடுக்கி விழுந்தது.

விழுந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

ஆமை உட்கார்ந்திருந்த பள்ளம் அது. விடியலில் விழுந்த அந்தச் சில துளிகள், போவதற்கு வேறு இடம் இல்லாமல், அதில் தேங்கியிருந்தன. ஒரு கையளவு இருக்கும். எட்டுக் குஞ்சுகளும் ஒவ்வொன்றாக அதற்குள் விழுந்தன. குடித்தன. மூழ்கிப் பார்த்தன. வெயில் உச்சிக்குப் போய் இறங்கும்வரை அங்கேயே கிடந்தன. மாலையில் கரை நிழல் நீண்டதும், ஏறி, மிச்சமிருந்த அறுபது அடியை நடந்து குட்டைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆமை அவற்றோடு போகவில்லை. ஆவாரஞ்செடிக்குத் திரும்பி, ஒன்பதாவது முட்டையின் அருகே இருட்டும்வரை இருந்தது. அது திறக்கவில்லை. ஆமை அதன்மேல் மண்ணைத் திரும்ப மூடிவிட்டு வந்தது.

அந்தக் கோடையில் ஒவ்வொருவரும் தன் குட்டையின் கரையை அடைத்தார்கள். தூர் எடுத்தார்கள். சித்திரை முடிவதற்குள் ஒரு மேகம் தெற்கே நின்றது. இரண்டு குட்டைகள் நிறைந்தன. ஆவணியில் ஒன்று வடக்கே நின்றது, மூன்று நிறைந்தன. ஐப்பசி மழையில் மற்றவை, ஒன்று முன்னே ஒன்று பின்னே, நிறைந்தன. அல்லிகள் எங்கிருந்தோ எழுந்து வந்தன. தவளை தன் குட்டையில் பாடியது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

கார்த்திகையில் கூழைக்கடா அந்த வழியாகப் பறந்தது.

"ஏரி எங்கே?" என்று மேலிருந்து கேட்டது.

"காடு முழுக்க இருக்கிறது," என்றது ஆட்காட்டி. "இறங்கிப் பாருங்கள். முள் பத்திரம்."

கூழைக்கடா இறங்கவில்லை.

அன்று பௌர்ணமி. ஆட்காட்டி வழக்கம்போல ஒரு சுற்றுப் போய் எண்ணிக்கொண்டு வந்தது. எண்ணிக்கையில் ஒன்று கூடியது. மறுபடியும் போய் எண்ணியது. தவறில்லை. அந்தக் காட்டில் நாற்பத்திரண்டு நிலாக்கள் இருந்தன. கடைசி நிலா ஓர் ஆமையின் அளவே இருந்தது.

நீதி: வறண்ட நிலத்தில் தூரத்து ஏரி எவ்வளவு பெரிது என்று பாராதே, மிகச் சிறிய காலுக்கும் நடந்து எட்டும் தூரத்தில் நீர் இருக்கிறதா என்று பார்.